மைன்கிராஃப்டில் சத்தம் மாற்றும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அக்கா மகனுக்கு ஒரு ஆசை. மைன்கிராஃப்டில் கிரீப்பர் என்ற வெடிக்கும் ஜந்து பின்னால் வந்து "ஸ்ஸ்ஸ்" என்று சீறும் இடத்தில், அவன் பாட்டி, அதாவது என் அம்மா, "எங்கடா போறே?" என்று அதட்ட வேண்டும். அம்மாவும் சிரித்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிட்டார். பத்து நிமிஷ வேலை என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது இரவு பதினொன்றரை. அதற்குப் பிறகு அவன் வகுப்புப் பையன்கள் ஒவ்வொருவராக "மாமா, எனக்கும் வரல மாமா" என்று வந்ததில், பத்துப் பதினொரு கோளாறுகள்தான் மாறி மாறி வருகின்றன என்று தெரிந்தது. அவற்றை இங்கே அறிகுறிவாரியாக எழுதிவைக்கிறேன்.

இது கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கு. போனில் ஆடுபவர்களுக்குக் கடைசிக்கு முன் ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஃபைல், ஃபோல்டர் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். உங்கள் கணினியில் அவை எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பெரிய எழுத்து, ஒரு இடைவெளி, ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் விளையாட்டு அந்த ஃபைலைத் திரும்பிப் பார்க்காது.

## முதலில் ஒரே ஒரு கேள்வி

பழைய சத்தமே கேட்கிறதா, இல்லை எதுவுமே கேட்கவில்லையா?

பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். பழைய சத்தம் வந்தால், விளையாட்டு உங்கள் ஃபைலைப் பார்க்கவே இல்லை. தப்பு இடத்தில், பெயரில், பேக்கில் (உங்கள் ஒலிகளைத் தாங்கிய ரிசோர்ஸ் பேக் ஃபோல்டர்) இருக்கிறது. ஒலியை மறுபடி பதிவு செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மௌனம் வந்தால், விளையாட்டு உங்கள் பேச்சைக் கேட்டுப் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டது, ஆனால் புதியதைப் படிக்க முடியவில்லை. அப்போது ஃபோல்டரை மாற்றி மாற்றி வைப்பதில் பலன் இல்லை. நான் பதினொன்றரை வரை உட்கார்ந்ததற்குக் காரணம் இந்த வேறுபாடு தெரியாததுதான்.

சோதனைக்கு நான்கு கருவிகள் போதும். செட்டிங்கில் சப்டைட்டிலைப் போடுங்கள். எந்தச் சத்தம் எழுந்தாலும் வலது கீழ் மூலையில் அதன் பெயர் வரும். எஃப்3 விசையையும் டி (T) விசையையும் சேர்த்து அழுத்தினால் விளையாட்டை மூடாமலே பேக் மறுபடி ஏறும் (லேப்டாப்பில் எஃப்என் விசையும் சேர வேண்டியிருக்கலாம்). சீட், அதாவது கட்டளைகளை, அனுமதித்த ஒரு கிரியேட்டிவ் உலகம் வேண்டும்; அதில் ஒலியை ஓட்டிக் காட்டும் பிளேசவுண்ட் கட்டளையைத் தொடங்கி டேப் விசையைத் தட்டினால் சத்தங்களின் பெயர்ப் பட்டியல் விரியும். ஒவ்வொரு சோதனைக்கும் கிரீப்பரிடம் போய்ச் செத்து வர வேண்டியதில்லை. நான்காவது, விளையாட்டு தன் பிழைகளை எழுதிவைக்கும் ஃபைல், லாக்ஸ் ஃபோல்டரில் இருக்கும் லேட்டஸ்ட்.லாக். ரிசோர்ஸ் பேக் திரையில் பேக் ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் உண்டு. அதை அழுத்தி ஒரு படி மேலே போனால் லாக்ஸ் கண்ணில் படும்.

## அறிகுறி: பேக் பட்டியலிலேயே வரவில்லை

முதலில் பார்க்க வேண்டியது ஜிப். விண்டோஸில் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ஜிப் ஆக்கினால், ஜிப்புக்குள் ஒரு ஃபோல்டர், அதற்குள்தான் உங்கள் பொருள்கள் இருக்கும். விளையாட்டுக்கு ஜிப்பைத் திறந்த உடனே, பேக்கின் விவரம் எழுதிய பேக்.எம்சிமெட்டா ஃபைலும் அசெட்ஸ் ஃபோல்டரும் தெரிய வேண்டும். அந்த இரண்டையும் மட்டும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள். அதைவிட நல்லது, சோதிக்கும் வரை ஜிப்பே வேண்டாம். வெறும் ஃபோல்டராகவே ரிசோர்ஸ் பேக்ஸ் ஃபோல்டரில் போடலாம்; ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி சுருக்கும் வேலை மிச்சம்.

அடுத்தது நோட்பேடின் குறும்பு. பேக்.எம்சிமெட்டா என்று பெயர் கொடுத்தாலும் அது வாலில் டிஎக்ஸ்டியைச் சேர்த்துச் சேமித்திருக்கும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடுவதால் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவிட்டுப் பாருங்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதுதான்.

இரண்டும் சரியென்றால் ஃபைலின் உள்ளே ஒரு மேற்கோள் குறியோ காற்புள்ளியோ அடைப்போ தவறியிருக்கும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து ஒட்டிய வரிகளில் மேற்கோள் குறிகள் வளைந்து வந்துவிடும். விளையாட்டுக்கு நேர்க்குறிகள்தான் புரியும். அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

## அறிகுறி: பட்டியலில் வருகிறது, ஆனால் சிவப்பில் எச்சரிக்கிறது

பதறாதீர்கள். பேக்.எம்சிமெட்டாவில் உள்ள பேக் ஃபார்மேட் எண் உங்கள் பதிப்போடு பொருந்தவில்லை, அவ்வளவுதான். 1.12.2-க்கு 3, 1.16.5-க்கு 6, 1.18-க்கு 8, 1.20.1-க்கு 15, 1.21-க்கும் 1.21.1-க்கும் 34, 1.21.4-க்கு 46. 1.21.9 முதல் ஒற்றை எண்ணுக்குப் பதில் குறைந்தது, கூடியது என்று இரண்டு எண்களாகக் கொடுக்கும் முறை வந்திருக்கிறது. சத்தம் மட்டும் மாற்றும் பேக் என்றால், எச்சரிக்கைக்கு ஆம் சொல்லி ஏற்றிவிட்டால் பெரும்பாலும் வேலை செய்யும். எண்ணைப் பிறகு நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம்.

## அறிகுறி: பேக் ஏறிவிட்டது, பழைய சத்தமே வருகிறது

வரிசையாகப் பாருங்கள்.

பேக் வலது பக்கத்தில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். இடது பக்கம் இருப்பதெல்லாம் கிடைக்கும் பேக். வலது பக்கம் இருப்பதுதான் ஓடும் பேக். அதிலும் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். வேறு பேக் இருந்தால் உங்களுடையதை உச்சிக்குத் தள்ளுங்கள்.

பாதை சரியா? அசெட்ஸ், அதற்குள் மைன்கிராஃப்ட், அதற்குள் சவுண்ட்ஸ், அதற்குள் அந்தச் சத்தத்துக்கான ஃபோல்டர். கிரீப்பர் சீறல் கிரீப்பர் ஃபோல்டரில் இல்லை என்பதுதான் பலரும் விழும் குழி. மாப் ஃபோல்டருக்குள் உள்ள கிரீப்பர் ஃபோல்டரில் அடிபடும் சத்தமும் சாகும் சத்தமும்தான் இருக்கின்றன. சீறல் இருப்பது ராண்டம் ஃபோல்டரில், ஃபியூஸ்.ஓஜிஜி என்ற பெயரில்.

வழிகாட்டி எந்தப் பதிப்புக்கு எழுதியது? 2016-இல் வந்த 1.9 பதிப்பில் சத்தங்களின் பெயர்கள் அடியோடு மாறின. கதவுச் சத்தம் ராண்டம் ஃபோல்டரிலிருந்து பிளாக் ஃபோல்டருக்குக் குடிபெயர்ந்தது அப்போதுதான். அதற்கு முந்தைய வீடியோவைப் பார்த்துச் செய்தால் சரியாகச் செய்தும் பலிக்காது.

கல் சத்தம் மாறியது, கீழே இறங்கினால் பழசே கேட்கிறதா? அது கோளாறு இல்லை. 1.17-இல் வந்த டீப்ஸ்லேட்டுக்குத் தனிச் சத்தம். நெதர்ராக்குக்கு 1.16 முதல் தனிச் சத்தம். 1.20-இன் செர்ரி மரத்துக்கும் தனி. முன்பு கல், மரம் என்று இரண்டை மாற்றினால் உலகமே மாறிய காலம் போய்விட்டது. எதன் மேல் நிற்கிறீர்களோ அதற்கான ஃபைலைத் தனியாக மாற்ற வேண்டும்.

சவுண்ட்ஸ்.ஜேசன் (எந்த நிகழ்வுக்கு எந்த ஒலி என்று சொல்லும் பட்டியல் ஃபைல்) எழுதியிருக்கிறீர்களா? அது சவுண்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கக் கூடாது. ஃபோல்டரின் பக்கத்தில், மைன்கிராஃப்ட் ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். அதற்குள் ஒரு காற்புள்ளி பிசகினாலும் விளையாட்டு முழு ஃபைலையும் ஒதுக்கிவிட்டுப் பழையபடி ஓடும். திரையில் ஒரு வார்த்தை சொல்லாது, லேட்டஸ்ட்.லாகில் மட்டும் அந்த ஃபைல் செல்லாது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகும்.

கடைசியாக மாட், அதாவது விளையாட்டில் கூடுதலாகச் சேர்க்கும் வெளியார் நிரல். காலடிச் சத்தம் மட்டும் மாறவில்லை, மற்றதெல்லாம் மாறுகிறது என்றால் பிரசன்ஸ் ஃபுட்ஸ்டெப்ஸ் போன்ற மாட் இருக்கிறதா பாருங்கள். அது தன் சொந்த ஒலிகளை வைத்திருக்கிறது. உங்கள் ஸ்டெப் ஃபைல்களைச் சீண்டாது. மாட் இல்லாத வெறும் விளையாட்டில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## அறிகுறி: மயான அமைதி

சத்தமே இல்லை. ஒலிச் செட்டிங்கில் எதிரிகள், பிளாக்குகள், ஆட்டக்காரர்கள் என்று தனித்தனி ஸ்லைடர்கள் உண்டு. தம்பி தங்கை யாராவது சுழியத்துக்கு இழுத்துவிட்டிருக்கலாம். அது இல்லையென்றால் சப்டைட்டிலைப் பாருங்கள், வழி இங்கே இரண்டாகப் பிரிகிறது.

### சப்டைட்டில் வருகிறது, காதுக்கு எதுவும் வரவில்லை

ஒலிச் செட்டிங்கில் எதிரிகள், பிளாக்குகள், ஆட்டக்காரர்கள் என்று தனித்தனி ஸ்லைடர்கள் உண்டு. தம்பி தங்கை யாராவது சுழியத்துக்கு இழுத்துவிட்டிருக்கலாம். ஃபைலின் உள்ளே இருப்பது விளையாட்டுக்குப் புரியாத வடிவம் என்று முடிவு கட்டலாம்.

மைன்கிராஃப்ட் ஜாவா படிப்பது ஓஜிஜி வோர்பிஸ் ஒன்றைத்தான். எம்பி3-இன் வாலை வெட்டி ஓஜிஜி என்று பெயர் மாற்றினால் அது ஓஜிஜி ஆகாது. மோர் டம்ளரில் பாலென்று எழுதி ஒட்டினால் காப்பி போட முடியுமா?

என்னைச் சாப்பிட்டது வேறு வகை. வாட்ஸ்அப் குரல் பதிவு ஓபஸ் வடிவத்தில் வருகிறது. ஓபஸும் ஓஜிஜி என்ற அதே பெட்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கும். ஆனால் உள்ளே இருப்பது வோர்பிஸ் இல்லை. டெலிகிராம் குரல் பதிவு இன்னும் மோசம். அது ஓஜிஜி என்ற வாலோடே வந்து சேரும், உள்ளே ஓபஸ். பெயர் சரி, பிளேயரில் பாடுகிறது, விளையாட்டில் மட்டும் ஊமை. அம்மாவின் "எங்கடா போறே?" இரண்டு மணி நேரம் இந்தப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தது.

கண்டுபிடிப்பது சுலபம். விஎல்சியில் ஃபைலை ஓடவிட்டு கன்ட்ரோலும் ஜேயும் அழுத்துங்கள். கோடெக் என்ற இடத்தில் வோர்பிஸ் என்று இருந்தால் சரி. ஓபஸ் என்றோ எம்பெக் என்றோ இருந்தால் மாற்ற வேண்டும். ஆடாசிட்டியில் திறந்து, ஏற்றுமதியில் ஓஜிஜி வோர்பிஸைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பழைய ஆடாசிட்டி ஓபஸைத் திறக்க அடம்பிடித்தால் விஎல்சியின் கன்வர்ட் வழியாக முதலில் வேவ் ஆக்கிவிட்டு, அதை ஆடாசிட்டியில் திறக்கலாம்.

இணையத்தில் மாற்றித்தரும் தளங்களும் செய்யும்தான். ஆனால் வீட்டுக் குரலை எங்கோ ஒரு சர்வரில் ஏற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை.

### சப்டைட்டிலும் வரவில்லை

ஃபைலில் குறையில்லை, சவுண்ட்ஸ்.ஜேசன் இல்லாத ஃபைலைக் கைகாட்டுகிறது. பழையதை நீக்கு என்று ரீப்ளேஸ் வரியில் சொல்லிவிட்டீர்கள், அது நீக்கிவிட்டது. நீங்கள் சொன்ன முகவரியில் ஆள் இல்லை. லாகில் இன்ன ஃபைல் இல்லை, இன்ன நிகழ்வில் சேர்க்க முடியவில்லை என்று முழு முகவரியோடு எழுதியிருக்கும். பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஃபைல் பெயரோடு ஓஜிஜி என்ற வாலையும் எழுதியது (எழுதக் கூடாது), முகவரியைச் சவுண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து தொடங்கியது (அதற்கு உள்ளிருந்து தொடங்க வேண்டும்), அல்லது வெறும் எழுத்துப்பிழை.

ஒரு விதிவிலக்கு. ரீப்ளேஸ் போட்டுவிட்டு சப்டைட்டில் வரியை எழுத மறந்தாலும் சப்டைட்டில் வராது. ஆகவே இந்தச் சோதனையை நம்புவதற்கு முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி: ஒரு நேரம் புதுசு, ஒரு நேரம் பழசு

ஒரே சத்தத்துக்குப் பல ஃபைல்கள் உண்டு; விளையாட்டு சீட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்கிறது. மாடு கத்துவதற்கு நான்கு, வெடிப்புக்கு நான்கு, புல்லில் நடப்பதற்கு ஆறு. முதலாவதை மட்டும் மாற்றினால் ஆறில் ஒரு தரம்தான் உங்கள் சத்தம் வரும். அதே ஒலியை எல்லா எண்களிலும் நகலெடுத்து வைப்பது சுலபமான தீர்வு. ஆனால் காலடி போன்ற அடிக்கடி வரும் சத்தத்தில் ஆறும் ஒன்றாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் தலைவலி வரும். கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட மூன்று பதிவாவது வைத்துக்கொள்ளுங்கள்.

சவுண்ட்ஸ்.ஜேசன் வழியாகச் செய்தவர்களுக்குக் காரணம் வேறு. ரீப்ளேஸ் வரி இல்லையென்றால் உங்கள் சத்தம் பழைய பட்டியலோடு சேருமே தவிர அதை அகற்றாது.

## அறிகுறி: நான் தொடாத இடத்திலும் மாறிவிட்டது

ஃபியூஸ்.ஓஜிஜியை மாற்றிய அன்று கிரீப்பர் மட்டுமா, டிஎன்டி என்ற வெடிமருந்துக் கட்டியைப் பற்றவைத்தாலும் அம்மா அதட்டினார். இரண்டும் ஒரே ஃபைலைப் பயன்படுத்துகின்றன. ராண்டம் ஃபோல்டரில் உள்ள கிளிக் இன்னும் பொதுச்சொத்து: மெனு பொத்தான், லீவர் என்று பல இடங்களுக்கு அது ஒன்றுதான்.

இதற்கு ஃபைலை மாற்றும் வழி உதவாது. உங்கள் ஒலிக்குப் புதுப் பெயர் கொடுத்து, சவுண்ட்ஸ் ஃபோல்டருக்குள் தனி ஃபோல்டரில் வைத்து, சவுண்ட்ஸ்.ஜேசனில் கிரீப்பர் நிகழ்வுக்கு மட்டும் அதைக் காட்ட வேண்டும். கிரீப்பர் சீறலின் நிகழ்வுப் பெயர் என்டிட்டி, கிரீப்பர், பிரைம்டு என்று மூன்று சொற்கள், நடுவில் புள்ளிகள். டிஎன்டிக்கு நடுச்சொல் மட்டும் வேறு. ஃபைலை மாற்றினால் அதைப் பகிரும் எல்லாரும் மாறுவார்கள். நிகழ்வை மாற்றினால் ஒருவர் மட்டும் மாறுவார்.

## அறிகுறி: குரல் தடித்துப் பேய்போல் வருகிறது, அல்லது கீச்சிடுகிறது

டிஎன்டியில் அம்மாவின் குரல் அம்மாவின் குரலாகவே இருந்தது. பிளேசவுண்டிலும் அப்படியே. கிரீப்பர் வந்தபோது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ இழுத்து இழுத்துப் பேசுவது போல் கேட்டது. மருமகன் பயந்தே போனான். அவனுக்கு அது இன்னும் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம்.

பதிவில் குறை தேடாதீர்கள். கிரீப்பர் தன் சீறலைப் பாதி வேகத்தில் ஓட்டுகிறது. விளையாட்டின் நிரலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. டிஎன்டி இயல்பு வேகத்தில் ஓட்டுகிறது. பிளேசவுண்டும் நீங்கள் வேறு சொல்லாத வரை இயல்பு வேகம்தான். அதனால்தான் சோதனையில் தேர்ச்சி, களத்தில் தோல்வி.

பிளாக்குகளிலும் இதே கதை. தோண்டிக்கொண்டிருக்கும்போது கேட்கும் தட்டல், காலடிச் சத்தத்தின் அதே ஃபைலைப் பாதி வேகத்தில் ஓட்டியது. உடைவதும் வைப்பதும் 0.8 மடங்கு வேகம். விலங்குக் குட்டிகள் நேர்மாறு, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மாட்டுக்கு உங்கள் குரலைக் கொடுத்தால் கன்றுக்குட்டி கார்ட்டூன் எலி போலத்தான் பேசும்.

சரிசெய்ய, சவுண்ட்ஸ்.ஜேசனில் அந்த ஒலியின் பிட்ச் மதிப்பை 2 என்று கொடுங்கள். பாதியை இரண்டால் பெருக்கினால் ஒன்று. குரல் இயல்புக்கு வந்துவிடும். இதையும் நிகழ்வுவாரியாகச் செய்யுங்கள். ஃபைலையே வேகமாக்கி வைத்தால் அதைப் பகிரும் டிஎன்டி கீச்சிடும்.

ஒரு கணக்கு கூடவே. கிரீப்பர் சீறத் தொடங்கி வெடிக்க ஒன்றரை வினாடி. அதற்குள் வசனம் முடிய வேண்டும். நீளமான சினிமா வசனத்தை வைத்தால், ஹீரோ பாதி சொல்வதற்குள் நீங்கள் செத்து மறுபிறவி எடுத்திருப்பீர்கள்.

## அறிகுறி: எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை

கிரீப்பர் இடதுபக்கமா வலதுபக்கமா தெரியவில்லை, தூரத்தில் இருந்தாலும் காதருகே கத்துகிறது, ஒரு எல்லையைத் தாண்டியதும் கத்தரித்தாற்போல் நிற்கிறது. மூன்றும் ஒரே காரணம்: ஃபைல் ஸ்டீரியோ. இந்த விளையாட்டின் ஒலிப்பொறி மோனோ ஒலியைத்தான் இடம் பார்த்து, தூரம் பார்த்துக் குறைத்துத் தரும். ஸ்டீரியோவை அப்படியே இரு காதிலும் ஊற்றிவிடும்.

ஆடாசிட்டியில் டிராக்ஸ் மெனு, மிக்ஸ், ஸ்டீரியோவை மோனோவாக்கு, மறுபடி ஏற்றுமதி. ஒரு நிமிஷ வேலை. பின்னணி இசைக்கு மட்டும் ஸ்டீரியோ இருக்கட்டும்; அதற்குத் திசை தேவையில்லை.

மோனோவாக்கிய பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்கிறது என்பார்கள். சவுண்ட்ஸ்.ஜேசனில் வால்யூமை 1-க்கு மேல் ஏற்றப் பார்க்காதீர்கள், அது வழியில்லை. ஆடாசிட்டியில் நார்மலைஸ் செய்து ஒலியையே உயர்த்துங்கள். அலைகள் மேல்விளிம்பில் முட்டித் தட்டையாகும் அளவுக்குப் போனால் கரகரக்கும்.

## அறிகுறி: தாமதமாக வருகிறது, விக்குகிறது, ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது

தாமதம் என்றால் பதிவின் முன்னால் மூச்சு வாங்கிய இடைவெளி இருக்கும். அலை எழும்பும் இடம் வரை வெட்டியெறியுங்கள்.

முதல் முறை மட்டும் ஆட்டம் ஒரு கணம் உறைந்துவிட்டு ஓடினால் ஃபைல் நீளம். நிமிஷக்கணக்கில் ஓடும் ஒலிகளுக்கு சவுண்ட்ஸ்.ஜேசனில் ஸ்ட்ரீம் வரியைச் சேருங்கள். மொத்தத்தையும் நினைவகத்தில் ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கும். சின்னச் சத்தங்களுக்கு இதைப் போடாதீர்கள். ஒரே நேரத்தில் எட்டு ஸ்ட்ரீம் வரைதான் ஓடும்.

காலடிக்கு இரண்டு வினாடி ஒலி வைத்தால் ஓடும்போது சந்தைக்கடை ஆகிவிடும். அரை வினாடிக்குள் வையுங்கள்.

## அறிகுறி: நேற்று வேலை செய்தது, இன்று பழசு திரும்பிவிட்டது

எங்கே மாற்றினீர்கள்? அசெட்ஸின் ஆப்ஜெக்ட்ஸ் ஃபோல்டருக்குள் போய், நாற்பது எழுத்துப் பெயர் கொண்ட மூல ஃபைலையே மாற்றியிருந்தால் அது நிலைக்காது. அந்தப் பெயரே ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஷா-1 எண். அடுத்த முறை லாஞ்சர் சரிபார்க்கும்போது எண் பொருந்தாது. புதிதாக இறக்கிப் போட்டுவிடும். அங்கே உள்ளவற்றைக் கேட்டுப் பார்க்க நகலெடுக்கலாம், அதற்கு மேல் கை வைக்க வேண்டாம். எது எந்த ஃபைல் என்பதற்கு இண்டெக்ஸஸ் ஃபோல்டரில் பட்டியல் இருக்கிறது.

பேக் வழியாகத்தான் செய்தீர்கள் என்றால், ஏதோ ஒரு பேக் ஏறும்போது தடுக்கி, விளையாட்டு எல்லா பேக்கையும் கழற்றிவிட்டிருக்கும். பட்டியலைத் திறந்து மறுபடி வலது பக்கம் நகர்த்துங்கள். மறுபடியும் கழன்றால் ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். பதிப்பு தானாகப் புதுப்பித்துக்கொண்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

## அறிகுறி: எனக்குக் கேட்கிறது, நண்பனுக்குக் கேட்கவில்லை

சத்தம் அவரவர் கணினியில்தான் பிறக்கிறது. சர்வர் "இங்கே கிரீப்பர் சீறுகிறது" என்று சொல்வதோடு சரி. நண்பனுக்கும் பேக்கைக் கொடுங்கள். சர்வர் உங்களுடையது என்றால் அதன் செட்டிங் ஃபைலில் ரிசோர்ஸ் பேக் வரியில் ஜிப்பின் நேரடி இணைப்பைக் கொடுத்தால் சேர்பவர்களுக்குத் தானாக இறங்கும். டிரைவில் பகிரும் இணைப்பு நேரடி இணைப்பு ஆகாது. அது ஒரு பக்கத்தைத் திறக்கும், ஜிப்பைத் தராது. 1.18 முதல் அளவு வரம்பு 250 எம்பி. ஜிப்பைத் திருத்தினால் ஷா-1 வரியையும் திருத்துங்கள், இல்லையென்றால் இறங்க மறுக்கும்.

நேர்மாறான புகார், அதாவது வேறொருவர் சர்வரில் உங்கள் சத்தம் காணாமல் போவது, சர்வர் தன் பேக்கை உங்கள் பேக்கின் தலைமேல் வைப்பதால். அதற்கு சர்வர்காரரிடம்தான் பேச வேண்டும்.

## போனில் ஆடுபவர்களுக்கு

போனில் ஓடுவது பெட்ராக் பதிப்பு. ஜாவா பேக்கைப் பெயர் மாற்றிப் போட்டால் ஏறாது. அதற்கு பேக்.எம்சிமெட்டாவுக்குப் பதில் மேனிஃபெஸ்ட்.ஜேசன், சவுண்ட்ஸ்.ஜேசனுக்குப் பதில் சவுண்ட்_டெஃபினிஷன்ஸ்.ஜேசன் என்று அமைப்பே வேறு. ஒரு பேக்கை நகலெடுத்து அடுத்த பேக்கைச் செய்பவர்கள் மேனிஃபெஸ்டில் உள்ள நீண்ட அடையாள எண்களைப் புதிதாக மாற்ற மறந்துவிடுவார்கள். ஒரே அடையாளத்தில் இரண்டு பேக் மோதிக்கொள்ளும். போனில் வருகிற பிரச்சினையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

எல்லா பேக்குகளையும் மாட்களையும் கழற்றிவிட்டு வெறும் விளையாட்டை ஓட்டுங்கள். அப்போதும் சத்தம் இல்லையென்றால் இது உங்கள் பேக்கின் குற்றம் அல்ல. புதிய பதிப்புகளில் ஒலிச் செட்டிங்கில் எந்தக் கருவிக்கு ஒலி போக வேண்டும் என்ற தேர்வு உண்டு. புளூடூத் ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் அது அங்கேயே அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதையும் பார்த்துவிட்டு, யூடியூபிலும் ஒலி வரவில்லை என்றால் லேப்டாப்காரரிடம் கொண்டுபோங்கள். விளையாட்டை அழித்து மறுபடி நிறுவுவது பயன் தராது. அதற்கு முன் உலகங்களை நகலெடுக்க மறந்து அழுத பையன்கள் இருக்கிறார்கள்.

வெறும் விளையாட்டில் எல்லாம் சரி, ஒரு மாட் சேர்த்தால் மட்டும் கெடுகிறது என்றால், அந்த மாட்டின் ஃபைலைத் திறந்து அசெட்ஸில் அதன் சொந்தப் பெயரில் சவுண்ட்ஸ் ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் பேக்கிலும் அதே பெயரில் ஃபோல்டர் வைத்து மாற்றலாம். இல்லையென்றால் சத்தம் நிரலுக்குள்ளிருந்து வருகிறது. ஜாவா தெரிந்த ஒருவர் வேண்டும், அல்லது மாட் எழுதியவரிடம் கேட்க வேண்டும்.

எப்போது ஒலிப்பதிவு தெரிந்தவரைத் தேடலாம்? பின்னணியில் மின்விசிறியும் குக்கர் விசிலும் கலந்த ஒரே பதிவுதான் இருக்கிறது, பேசியவர் இனிப் பேச முடியாதவர் என்றால். அப்படி ஒரு பையன் தன் தாத்தாவின் சிரிப்பைக் கொண்டுவந்தான். ஆடாசிட்டியில் இரைச்சலை நீக்கப் பார்த்தேன். சிரிப்பும் சேர்ந்து தேய்ந்தது. மூலத்தைத் தொடாமல் நகல் எடுத்து வைத்துவிட்டு, ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் அனுப்பிவிட்டேன். மற்ற எதற்கும் காசு செலவழிக்காதீர்கள்.

யாரிடம் கேட்டாலும் "வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். பேக்கின் ஜிப், லேட்டஸ்ட்.லாக், விளையாட்டின் பதிப்பு எண், பழைய சத்தம் வருகிறதா மௌனமா என்ற பதில். இந்த நான்கையும் சேர்த்து அனுப்புங்கள்.